வெளியிலிருந்து பூட்டிய வீடு

சந்திரகலா குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண். 1972-இல் அவளைச் சென்னிமலை மருதாசலத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனும் நெசவுக் குடும்பம்தான். ஆனால் தறிப்பக்கம் போகாமல் ஐ.டி.ஐ. படித்து, நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிட்டராகச் சேர்ந்திருந்தான். வேலை பெர்மனென்ட் ஆனதும் டவுன்ஷிப்பின் பதினாறாம் வட்டத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. முன்னறை, உள்ளறை, சமையலறை, அதையொட்டிக் குளியலறையும் கக்கூஸும், பின்பக்கம் கொஞ்சம் காலி இடம். பின்பக்கத்தில் தண்ணீர் பிடித்து வைக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியை மருதாசலமே கட்டினான். ஏறி நின்று தண்ணீர் மொள்ளச் சந்திரகலாவுக்கு வசதியாக ஒரு படியும், மேலே மூட ஒரு பலகையும் வைத்தான்.

அடுத்த வருஷம் பையன் பிறந்தான். சந்திரகலா தன் அப்பா பேரான சிங்காரவேலு என்பதையே வைத்தாள்.

1975 மாசி மாதம் ஒரு காலை. அன்று குழாயில் தண்ணீர் சீக்கிரமே வந்துவிட்டது. முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருதாசலம் தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். ஆறரை மணிக்குச் சந்திரகலா பால் வாங்க வாசலுக்கு வந்தாள். பையன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். பால்காரர் பக்கத்து வீட்டுக்கு ஊற்றி முடிக்கும்வரை நின்றாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளோடு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். திரும்பி வந்தபோது பாயில் குழந்தை இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

அப்போது அவனுக்கு ஒன்றரை வயது.

மருதாசலம் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கே போயிருந்தாய், எவ்வளவு நேரம் ஆனது, பின்கதவை ஏன் சாத்தவில்லை, எதுவுமே கேட்கவில்லை. சென்னிமலையிலிருந்து வந்திருந்த அவன் அக்கா கேட்க ஆரம்பித்தபோதுகூட, "விடுக்கா" என்று எழுந்து வெளியே போய்விட்டான். அவன் கேட்டிருந்தால் சந்திரகலா அழுதிருப்பாள், பதில் சொல்லியிருப்பாள், காலில் விழுந்திருப்பாள். கேட்காததால் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் அது அவள் பக்கத்திலேயே இருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் மருதாசலம் சம்மட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்து தொட்டியை உடைத்தான். காலையில் தொடங்கி மத்தியானம்வரை உடைத்தான். கடைசிச் சில்லுவரை பொறுக்கிக் கூடையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டினான். பிறகு மூடி போட்ட இரும்பு டிரம் ஒன்று வந்தது.

அடுத்த வருஷக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. புஷ்பவல்லி என்று பேர் வைத்தார்கள். கூப்பிட்டது பாப்பா என்றுதான். மருதாசலத்தின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு குடியேறியது அப்போதுதான்.

சுரங்கத்தில் ஷிப்டு தொடங்கும் முன் ஒவ்வொரு நாளும் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள். எதில் கை மாட்டும், எது மேலே விழும், எங்கே வழுக்கும் என்று தேடிப் பார்க்கச் சொல்லுவார்கள். அந்தக் கண்ணோடு அவன் வீட்டைப் பார்க்கத் தொடங்கினான். வார லீவு நாளில் முன்வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாகக் குனிந்து, சில சமயம் குழந்தை உயரத்துக்குத் தவழ்ந்தே வருவான். கண்ணில் பட்டதை நோட்டில் எழுதி அந்த வாரமே சரி செய்வான்.

சர்பத் பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெய் பரணுக்குப் போனது. பிளக் ஓட்டைகளில் மரத்தை இழைத்து அடைத்தான். அயர்ன் பாக்ஸின் வயர் நைந்திருந்ததை வெட்டிப் புது வயர் போட்டான். மேடையில் விளிம்போரம் இருந்த அம்மிக் குழவி தரைக்கு வந்தது. கட்டில் கால்களுக்கு பழைய வேட்டியைச் சுற்றித் தைத்தான். கஸ்தூரியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க வூட்டுக்காரரு மாதிரி யாரு பாப்பாங்க? எங்க வூட்டுல இருக்கறது பாம்பு வந்தாகூட எழுந்திருக்காது" என்றாள். அவள் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. புருஷன் துரைராஜ் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தான்.

சந்திரகலா சிரித்து வைத்தாள். புருஷன் செய்ததில் ஒன்றையும் அவளால் தப்பு என்று சொல்ல முடியாது. எல்லாமே குழந்தைக்கு நல்லதுதான். ஆனால் அவன் ஒவ்வொன்றாகச் சரி செய்யச் செய்ய, நீ பார்க்கவில்லை, நீ பார்க்கவில்லை என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வருவது போல இருந்தது.

பின்கதவுக்குக் குறுக்கே கட்டை வைத்து ஆணி அடித்தான். துணி காயப்போட அவள் முன்வாசல் வழியாகச் சுற்றிப் போனாள். ஜன்னல்களில் முன்பே கம்பி இருந்தது. குழந்தை தலையை நுழைத்துவிடும் என்று பஜாரில் வெல்டரிடம் சொல்லி நெருக்கமாக கிரில் செய்து வெளிப்பக்கம் அதன்மேல் பதித்தான். முன்கதவின் உள்தாழ்ப்பாளைப் பாப்பா நாற்காலியில் ஏறித் திறக்கக் கற்றுக்கொண்டாள்.

1979 ஆவணியில் ஒருநாள் திறந்துகொண்டு ரோட்டுக்கே போய்விட்டாள். ஷிப்டு பஸ் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் இறங்கிக் குழந்தையைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டு, திட்டாமல் போனார். சந்திரகலா அப்போது சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையில் புளித்தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள்.

மறுநாள் மருதாசலம் முன்கதவின் வெளிப்பக்கத்தில் இரும்புக் கொண்டியும் பூட்டும் மாட்டினான்.

"காலைல நா போறப்பப் பூட்டீட்டுப் போறேன். ரெண்டரைக்கு வந்து தொறக்கறேன். பாலை இனிமே நானே வாங்கியாறேன்."

"அவசரத்துக்கு எதனா வேணும்னா?"

"என்ன அவசரம்? எல்லாந்தான் வாங்கிப் போடறேனே."

"சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டுங்க."

"உள்ள இருந்து வெளிப்பூட்டைத் தொறக்க முடியாது புள்ள. கையில வெச்சு என்ன பண்ணுவே?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்வதுபோலச் சொன்னான். கஸ்தூரியக்காவிடம் ஒரு சாவி கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வாய் வரை வந்தது. ரோட்டில் நின்ற பஸ்ஸும் அதற்கு முன்னால் அந்த மாசிக் காலையும் சேர்ந்து அதை உள்ளே தள்ளிவிட்டன. ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் சாவி கேட்கலாமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

முதல் ஷிப்டு வாரத்தில் காலை ஐந்தேகாலிலிருந்து மத்தியானம் இரண்டரை. இரண்டாம் ஷிப்டு வாரத்தில் அவன் போன பிறகு ராத்திரிவரை. கொண்டி விழும் சத்தம் கேட்டதும் வீடு சுருங்கிவிடும். சந்திரகலா முன்னறையில் பதினோரு அடி, உள்ளறையில் ஒன்பது அடி நடந்தாள். கிரில் வழியாக எதிர் வரிசைப் பெண்கள் கூடையோடு பஜாருக்குப் போவதைப் பார்த்தாள். கஸ்தூரியம்மாள் ஜன்னலுக்கு வந்து பேசுவாள். முதலில் "இன்னாடி இது, மாட்டைக் கட்டற மாதிரி" என்றாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது. குறிஞ்சிப்பாடி பக்கத்தில்தான் இருந்தது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த இரண்டு மாதத்தில் அவள் அங்கே போகவில்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக விடவில்லை. குழந்தையின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. உள்ளறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டித் தொங்கவிட்டும் ஈரம் போகவில்லை. நான்காம் நாள் மருதாசலம் முதல் ஷிப்டுக்குப் போனான். காலைச் சமையல் முடிந்ததும், இரும்பு வாளிக்குள் மண் பூசிச் செய்த வாளி அடுப்பில் கரி நன்றாகக் கனிந்திருந்தது. புகை இல்லை. அந்தக் கனல் வீணாகப் போகிறதே என்று அடுப்பைத் தூக்கி உள்ளறை நடுவில், பாப்பா எட்டாத மாதிரி முக்காலிமேல் வைத்தாள். சாரல் அடிக்காமல் ஜன்னல்களை அழுத்திச் சாத்தினாள். முன்கதவின் அடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சாக்கை மடித்து அங்கே அடைத்தாள். அறை கதகதப்பானது. துணியிலிருந்து ஆவி கிளம்பியது. நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு உடம்பு இதமாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் தலை வலிக்க ஆரம்பித்தது. மழைக்காலத் தலைவலி என்று நெற்றியில் தைலம் தடவிக்கொண்டாள். பாப்பா பாயில் படுத்துக் கண்ணை மூடினாள். அந்த நேரத்தில் தூங்கும் குழந்தை இல்லை. தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. "பாப்பா, முறுக்கு வேணுமா" என்று கேட்டாள். குழந்தை கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பாயிலேயே வாந்தி எடுத்தது.

சந்திரகலா துடைக்க எழுந்தாள். முழங்கால் மடங்கியது. சுவரைப் பிடித்தாள். காலையில் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தாள். கஸ்தூரியக்காவைக் கூப்பிடலாம் என்று முன்னறைக்குப் போனவள் கதவருகில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே படுத்துக்கொள்ளலாம், அவர் வந்து திறப்பார், இரண்டரை மணிக்கு வந்துவிடுவார் என்று ஒரு நினைப்பு சுகமாக வந்தது. அவள் கை சாக்கின்மேல் இருந்தது. ஊறிப்போயிருக்கிறதா என்று பார்க்க, பழக்கத்தில் அதை இழுத்தாள்.

கதவிடுக்கிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. ஈரமும் மண்ணுமாகக் குளிர்ந்த காற்று. அவள் கன்னத்தைத் தரையில் வைத்து அதை இழுத்தாள். நாலைந்து மூச்சில் கண்முன் ஆடிக்கொண்டிருந்தது நின்றது. மறுபடி இழுத்தாள். தலை தூக்கி உள்ளறையைப் பார்த்தாள். கொடியில் துணி, நடுவில் அடுப்பு, பக்கத்தில் குழந்தை. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. புகையே இல்லாத அடுப்பு ஆளைக் கொல்லுமா என்று அவளுக்குத் தெரியாது. வெளிக்காற்று பட்டால் உயிர் வருகிறது, உள்ளே இருந்தால் போகிறது. அது மட்டும் தெரிந்தது.

தவழ்ந்து போய்க் குழந்தையைப் பாயோடு இழுத்துவந்து கதவிடுக்கில் அதன் முகத்தை வைத்தாள். திரும்பிப் போய்க் குடத்துத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தாள். வெள்ளை ஆவி எழும்பி முகத்தைச் சுட்டது. முன்னறை ஜன்னலைப் பிடித்து இழுத்தாள். மழையில் ஊதிப்போன கட்டை, நகரவில்லை. சமையலறைக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தாள். எப்படித் தூக்கினாள் என்று பிறகு அவளுக்கே விளங்கவில்லை. இரண்டாம் அடியில் கண்ணாடி உடைந்தது.

"கஸ்தூரியக்கா."

மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பாப்பாவைத் தூக்கி கிரில்லோடு சேர்த்துப் பிடித்தாள். குழந்தையின் தலை தொங்கியது. கன்னம் கம்பியில் அழுந்தியது. முகத்தில் பாதியாவது வெளியே போகட்டும் என்று அழுத்திப் பிடித்துக்கொண்டே கூப்பிட்டாள். எத்தனை தடவை கூப்பிட்டாளோ.

கஸ்தூரியம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். "என்னாடி ஆச்சு, கொழந்தைக்கு என்னா?"

"கதவத் தொறக்கா. பூட்டிகினு போய்ட்டாரு."

"சாவி?"

"அவர்கிட்ட."

கஸ்தூரியம்மாள் கிரில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அது நன்றாகச் செய்த கிரில். கம்பிகளுக்கு நடுவே அவள் விரல்கள்தான் நுழைந்தன. அந்த விரல்களால் குழந்தையின் வாயைத் துடைத்து, மழைத்தண்ணீரை நெற்றியில் தெளித்தாள். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏங்க, கடப்பாரைய எடுத்துகினு வாங்க" என்று கத்தினாள். நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த துரைராஜ் கைலியோடு ஓடிவந்தான். கடப்பாரையால் ஆறு அடி அடித்தும் கொண்டி விழவில்லை. ஏழாவது அடியில் ஒரு பக்கத்து ஸ்க்ரூ கட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

அந்தப் பக்கமாக வந்த ஜீப்பை மறித்து துரைராஜ் அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பாப்பாவுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூடின அறையில் எந்தக் கரி எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்று சேரும், இன்னும் அரைமணி போயிருந்தால் இரண்டு பேருமே எழுந்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மூன்று மணி சுமாருக்குப் பாப்பா கண் விழித்து முறுக்கு கேட்டாள்.

மருதாசலம் வேலை உடுப்போடு ஓடிவந்தான். குழந்தையைத் தொட்டுப் பார்த்தான், உள்ளங்காலைத் தேய்த்துவிட்டான். பிறகு தணிந்த குரலில், "அடுப்பை எதுக்கு உள்ள கொண்டுபோன?" என்று கேட்டான்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நாலரை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்திரகலா பாப்பாவின் போர்வையை இழுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார்கள். மறுநாள் காலை பஜாருக்குப் போன மருதாசலம் புதுக் கொண்டியோடு வந்தான். பழையதைவிடக் கனமானது. வாளி அடுப்பை யாருக்கோ கொடுத்துவிட்டான், நோட்டிலும் எழுதிவிட்டான். கதவின் முன்னால் குந்தி, பிய்ந்த ஓட்டைகளில் மரச்சக்கை அடைக்க ஆரம்பித்தான். மழை விட்டிருந்தது. சந்திரகலா வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது.

"கொஞ்சம் நகந்துக்க புள்ள."

"நகர மாட்டன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நோட்ட எடுங்க. அதுல ஒண்ணு எழுதல நீங்க."

"என்ன?"

"இந்தக் கொண்டி."

"இது இல்லீன்னா பாப்பா ரோட்டுக்கு ஓடீருவா."

"ஓடுனா நான் பின்னாடி ஓடுவன். நீங்க பூட்டிகினு போனா நான் எங்க ஓடறது? அன்னிக்கு இந்த வூட்டுக்குள்ள எம்புள்ள மூஞ்சிய வெளிய நீட்டக்கூட எடம் இல்ல. கம்பியில வெச்சி அழுத்துனன். கன்னத்துல இன்னும் தழும்பு இருக்குது, பாருங்க."

அவன் சுத்தியைக் கீழே வைத்தான். பிய்ந்த ஓட்டையை விரலால் தடவினான். எதிர் வரிசையில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்மேல நம்பிக்கை இல்லாமயா பூட்டுனேன்னு நெனச்சே?" என்றான்.

"வேற எதுக்கு?"

"தொட்டியை நெறச்சது நானு." அவன் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மேல பலகை போடாம ஓடுனேன். அந்தப் படியை வெச்சதும் நாந்தான். ஒண்ணரை வயசுப் பையன் வேற எப்பிடி ஏறுவான்? நீ ஒரு நாளைக்கு அதைக் கேப்பேன்னு நாலரை வருஷமாப் பாத்துட்டு இருக்கேன். நீ கேக்கவே இல்ல."

அவளுக்கு அது தெரியும். தொட்டியை நிரப்பியது யார் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். அதைச் சொன்னால் அவன் உடைந்துவிடுவான் என்று சொல்லாமல் இருந்தாள். அவன் கேட்காததும் அவள் சொல்லாததும் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருந்திருக்கின்றன.

"நீங்க என்னைக் கேப்பீங்கன்னு நானும் பாத்துகினே இருந்தன்" என்றாள்.

இரண்டு பேரும் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. அவன் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தான். கொண்டியைக் காகிதத்தில் சுற்றினான். பின்கதவுக்குப் போய்க் குறுக்குக் கட்டையைப் பிடுங்கினான். நீளநீளமான ஆணிகள், ஒவ்வொன்றும் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. முன்கதவின் உள்பக்கம், நாற்காலியில் ஏறினாலும் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தான். அதைச் சந்திரகலா எட்டிப் பிடித்துத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள். ஜன்னல் கிரில்லை மட்டும் அவன் எடுக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு ஜன்னலில் உள்கம்பியை எடுத்துவிட்டு, கிரில்லை வெல்டரிடம் கொண்டுபோய்க் கீல் வைத்து, உள்ளிருந்து திறக்கிற மாதிரி மாற்றச் சொன்னாள். அவன் மாற்றிக் கொண்டுவந்தான்.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. பல வருஷம்வரை பின்பக்கம் போனால் அவள் தொட்டி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பாள். மருதாசலம் ஷிப்டுக்குக் கிளம்பி, தெருமுனைவரை போய்விட்டு, திரும்பி வந்து, "டிரம்மு மூடியிருக்கா" என்று கேட்பான். மூடியிருக்கிறது என்று சொன்னாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போவான். சில நாள் அவள் அதைத் தாங்கிக்கொண்டாள். சில நாள், "நான் சொன்னா போதாதா" என்று சண்டை போட்டாள். முன்பு அவளால் சண்டை போட முடிந்ததில்லை.

மழைக்காலம் வந்தால் வரிசையில் உள்ள வீடுகளுக்குப் போய், கரி அடுப்பை உள்ளே வைக்காதீர்கள், வைத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வருவாள். குழந்தை பிறந்த வீடுகளில் அவளைக் கூப்பிட்டு, வீட்டை ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். அவளிடம் நோட்டு கிடையாது. அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே, வயர் எங்கே என்று பார்த்துவிட்டு, கடைசியில் வீட்டுக்காரியிடம், "தீ கீ புடிச்சா நீ எந்த வழியா வெளிய வருவ?" என்று கேட்பாள். பதில் சொல்லும்வரை அங்கிருந்து நகரமாட்டாள்.

அந்த ஐப்பசிக்கு அடுத்து வந்த தை மாதம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தனியாகக் குறிஞ்சிப்பாடிக்குக் கிளம்பினாள். மருதாசலம் பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கி வந்தான். எந்தப் பஸ்ஸின் டயர் நன்றாக இருக்கிறது என்று பார்த்து இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டான். மூன்றாவதில் ஏற்றிவிட்டு ஜன்னல் கீழே வந்து நின்றான்.

"பாப்பா கையை வெளிய நீட்டாமப் பாத்துக்க."

"பாத்துக்கறன்."

"எறங்கறப்ப வண்டி நின்னப்புறம் எறங்கு."

"சரிங்க."

இன்னும் ஏதோ சொல்ல வந்தான். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. சந்திரகலா பாப்பாவை மடியிலிருந்து இறக்கி, கடலைக்கொல்லைகள் தெரிகிற ஜன்னலோரமாக உட்காரவைத்தாள்.